எங்க வயலுக்கு உப்பு வந்த கதை

பொங்கலுக்கு அக்கா மகன் சென்னையில இருந்து வந்திருந்தான். செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு வரப்புல என் பின்னாலயே நடந்து வந்தவன் திடீர்னு கேட்டான். "மாமா, அந்தக் காலத்துல உரமே போடாமத்தானே விளைஞ்சுது? நீங்கதான் மூட்டை மூட்டையா கொட்டி மண்ணைக் கெடுத்துட்டீங்க."

நான் பதில் சொல்றதுக்குள்ள பக்கத்து வயல்ல நின்ன அத்தை முந்திக்கிட்டாங்க. "ஆமாந் தம்பி, விளைஞ்சுது. விளைஞ்ச நெல்லு பண்ணை வீட்டுக்குப் போச்சு. நாங்க கேப்பைக் கூழு குடிச்சோம்."

அவன் சிரிச்சுட்டான். எனக்குச் சிரிப்பு வரலை. இந்தக் கேள்வியை அவன் மட்டும் கேட்கலை. ஊருக்கு வர்ற எல்லாரும் ஏதோ ஒரு விதத்துல கேட்கிறாங்க. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதிடறேன்.

முதல்ல ஒண்ணு. உரம் போடாம எந்தக் காலத்துலயும் டெல்டாவுல நெல் விளைஞ்சதில்லை. மூட்டையில வரலை, அவ்வளவுதான். தை மாசி அறுவடை முடிஞ்சதும் ராமநாதபுரம், சிவகங்கை பக்கமிருந்து கீதாரிங்க ஆட்டு மந்தையை ஓட்டிக்கிட்டு வருவாங்க. ராத்திரி வயல்ல கிடை போடுவாங்க. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் விழுந்த இடத்துல அடுத்த பயிர் தனியாத் தெரியும். இன்னைக்கும் வர்றாங்க, ஆனா முன்ன மாதிரி இல்லை. அப்ப ஒரு ராத்திரிக்கு இத்தனை மரக்கா நெல்லுன்னு கூலி, இப்ப ரூபாய். கிடைக்கு அப்புறம் தழை. பூவரசு, புங்கன், வேம்பு, எருக்கு, ஆத்தங்கரையில கிடைக்கிற எல்லாத்தையும் வெட்டிக் கட்டாக் கட்டித் தலைச்சுமையாக் கொண்டு வந்து சேத்துல மிதிப்பாங்க. கொளுஞ்சி, தக்கைப்பூண்டு, சணப்பு விதைச்சுப் பூக்குற நேரத்துல மடக்கி உழுவாங்க. கோடையில குளத்து வண்டல். வருஷம் முழுக்க எருக்குழி. இது போக ஆறே கொண்டு வந்து கொடுத்த வண்டல் ஒண்ணு இருந்துச்சு. 1934ல மேட்டூர் அணை வந்ததுக்கு அப்புறம் அதுல பெரும்பங்கு அணைக்குள்ளேயே படிஞ்சு போச்சு. தண்ணிக்குக் கணக்கு வந்தது. வண்டலை இழந்ததுக்கு யாரும் கணக்கு எழுதலை.

இதெல்லாம் கேட்க நல்லா இருக்கும். கணக்குப் போட்டாத்தான் சங்கடம் தெரியும். ஒரு ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் போடணும்னு இன்னைக்கும் சிபாரிசு பண்றாங்க. மாட்டு வண்டிக்கு அரை டன்னு வெச்சா பத்து வண்டி. அந்தப் பத்து வண்டி எருவுலயும் இருக்கிற தழைச்சத்து சுமார் 25 கிலோ. (மண்ணுக்கு எரு செய்யற மத்த நல்லது இந்தக் கணக்குல வராது, அதையும் சொல்லிடறேன்.) பத்து வண்டி எரு யார்கிட்ட இருந்துச்சு? பத்துப் பதினஞ்சு ஜோடி மாடு கட்டின பண்ணையில இருந்துச்சு. ரெண்டு மாடு வெச்சிருந்த வீட்டுல சாணம் சுவத்துல வறட்டியா காஞ்சுது, அடுப்பு எரியணுமே.

இதை வெள்ளைக்காரன் காலத்துலயே ஒருத்தர் வந்து பார்த்து எழுதி வெச்சிருக்கார். ஜான் அகஸ்டஸ் வோல்க்கர்னு ஒரு வேளாண் வேதியியல் நிபுணர். 1889 கடைசியில இந்தியாவுக்கு அனுப்பிவெச்சாங்க. ஒரு வருஷத்துக்கு மேல நாடு பூரா சுத்தினார், 1893ல அறிக்கை வந்தது. இந்திய விவசாயிக்குத் தொழில் தெரியாதுங்கிறதை அவர் ஒத்துக்கலை. சராசரி இங்கிலாந்து விவசாயிக்கு இவன் குறைஞ்சவன் இல்லை, சில விஷயத்துல மேல்னே எழுதினார். குறை எங்கன்னா, விறகு இல்லாததால சாணம் அடுப்புக்குப் போகுது, எலும்பும் எண்ணெய் வித்தும் கப்பல் ஏறி வெளியே போகுது, மண்ணுக்குத் திரும்ப எதுவும் வர்றதில்லைன்னார். நூத்தி முப்பது வருஷம் ஆச்சு. படிச்சப்ப எங்க தெருவைப் பத்தி எழுதின மாதிரியே இருந்தது.

மூட்டை உரம் தயாரிக்கிறதும் நம்ம பக்கத்துலதான் ஆரம்பிச்சுது. 1906ல ராணிப்பேட்டையில பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் ஆலை வெச்சாங்க. இந்தியாவுலயே முதல் உர ஆலை அது. ஆனா அந்தச் சரக்கு எங்க ஊர் மாதிரி நெல்லு ஊருக்குள்ள நுழைய இன்னும் அரை நூற்றாண்டு பிடிச்சுது.

ஏன் அவ்வளவு நாளாச்சுங்கிறதுக்கு ஒரு காரணம் நகரத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியாது. பழைய நெல் ரகமெல்லாம் உயரம். இடுப்புக்கு மேல வளரும். வைக்கோல் நிறைய வரும், மாட்டுக்கு நல்லது, கூரைக்கும் நல்லது. ஆனா அதுக்குத் தழைச்சத்தை அதிகமாக் கொடுத்தா இன்னும் உயரமாப் போயிக் கதிர் பாரம் தாங்காம சாஞ்சுடும். ஐப்பசி கார்த்திகை மழையில சாஞ்ச பயிர் தண்ணிக்குள்ள அழுகிப் போகும். அதனால தாத்தா காலத்து ஆளுங்க உப்பு உரத்துக்குப் பயந்தது அறியாமையால இல்லை. அந்தப் பயிருக்கு அந்தப் பயம் சரிதான். மாவுக்கு எட்டுக் கலம் வந்தா நல்ல வெள்ளாமைன்னு தாத்தா சொல்லுவார். மூணு மா ஒரு ஏக்கர், கலம்னா ஏறக்குறைய அரை மூட்டை. ஏக்கருக்குப் பன்னெண்டு மூட்டைன்னு வெச்சுக்குங்க.

1959ல ஃபோர்டு ஃபவுண்டேஷன் ஆதரவுல வந்த நிபுணர் குழு, இந்தியாவுல பெரிய உணவுப் பஞ்சம் வரப்போகுதுன்னு அறிக்கை கொடுத்தது. எல்லா ஊருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கிறதை விட்டுட்டு, தண்ணி நிச்சயமா இருக்கிற மாவட்டமாப் பார்த்து விதை, உரம், மருந்து, கடன், யோசனை எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்துக் கொடுங்கன்னு சொன்னாங்க. அடுத்த வருஷம் ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துக்கு முதல்ல எடுத்த ஏழு மாவட்டத்துல தஞ்சாவூர் ஒண்ணு. லூதியானா, அலிகார், மேற்கு கோதாவரி எல்லாம் மத்தது. ஊர்ல இதை 'பேக்கேஜ் திட்டம்'னுதான் சொல்லுவாங்க. இப்பவும் எண்பது வயசுக்காரங்க வாயில அந்த வார்த்தை வரும்.

சைக்கிள்ல கிராம சேவக் வருவார். வீட்டு வாசல்ல உட்கார்ந்து உனக்கு எத்தனை மா நிலம், என்ன போடப் போறே, எவ்வளவு உரம் வேணும்னு ஒரு தாள்ல எழுதிக்குவார். கூட்டுறவு சங்கத்துல கடன், அதுல ஒரு பங்கு உரமாவே வரும். அப்ப யூரியா இல்லை, அம்மோனியம் சல்பேட். சீனி மாதிரி வெள்ளையா இருக்கும், தாத்தா அதைச் 'சீமை உப்பு'ம்பார். முதல் மூட்டையை வாங்கிட்டு வந்து வயலுக்குப் போடாம கொல்லையில தென்னைக்கும் வாழைக்கும் வெச்சார்னு அப்பா சொல்லிச் சிரிப்பார். தென்னை சாயாதே! யோசிச்சுப் பார்த்தா புத்திசாலித்தனமான சோதனைதான்.

பேக்கேஜ் திட்டம் ஆரம்பத்துல பெருசா ஒண்ணும் கிழிக்கலை. உரம் இருந்தது, உரத்தைத் தாங்குற பயிர் இல்லை. 1960களின் நடுவுல ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்துல இருந்து ஏ.டி.டி. 27 வந்த பிறகுதான் கதை மாறுச்சு. ஜப்பான் ரகம் ஒண்ணையும் நம்ம ஜி.இ.பி. 24-ஐயும் சேர்த்து எடுத்த ரகம். நூத்தஞ்சு நாள்ல அறுவடை. குறுவைக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி. உப்பு போட்டா வளரவும் செய்யும், பழைய ரகத்தை விட நல்லாத் தாங்கவும் செய்யும். அதுலயும் குறை இருந்தது. விதைக்கு உறக்கம் கிடையாது, அறுப்பு நேரத்துல மழை பிடிச்சா நின்ன கதிர்லயே முளைச்சுடும். அடுத்து 1966ல பிலிப்பைன்ஸ்ல வெளியிட்ட ஐ.ஆர். 8 வந்தது. குட்டை, தடித்தண்டு, எவ்வளவு போட்டாலும் நிக்கும். சோறு மட்டும் வாயில வைக்க முடியாதுன்னு பாட்டி சொல்லும். ஆனா அது அரிசி கிடைக்காத காலம். 1967 தேர்தல்ல மேடைக்கு மேடை அரிசிதான் பேச்சு. ருசியைப் பத்தி யோசிக்க யாருக்கு நேரம்.

இந்த இடத்துல அத்தை சொன்னதைத் திரும்பப் படிங்க. சங்கத்துல கடன் வாங்கணும்னா நிலம் உங்க பேர்ல இருக்கணும், இல்லேன்னா சாகுபடி பண்றது நீங்கதான்னு காகிதம் இருக்கணும். டெல்டாவுல பாதிப் பேர் குத்தகைக்காரங்க, வாய்வார்த்தைக் குத்தகை. அதுக்கும் கீழே நிலமே இல்லாத கூலிக்காரங்க. பேக்கேஜ் வந்தப்ப அது பட்டா இருந்த வீட்டு வாசல்லதான் சைக்கிளை நிறுத்துச்சு. விளைச்சல் ஏறின அதே வருஷங்கள்லதான் கூலிக்கு அரைப்படி நெல்லு கூடக் கேட்டதுக்குச் சண்டை வந்து, 1968 டிசம்பர்ல கீழ்வெண்மணியில 44 பேரைக் குடிசையில வெச்சு எரிச்சாங்க. அதை உரத்தோட முடிச்சுப் போடலை நான். ஆனா விளைச்சலைப் பத்தி மட்டும் பேசிட்டு அதைச் சொல்லாம தாண்டிப் போக எனக்கு மனசு வரலை. அடுத்த வருஷம் குத்தகைதாரர் உரிமையைப் பதிவு பண்ற சட்டம் வந்தது. பதிஞ்சவங்க பதிஞ்சாங்க. அத்தை வீட்டு மாமா பதியலை. கோயில் நிலம், யார் என்ன பண்ணப் போறாங்கன்னு இருந்துட்டார்.

எழுபதுகள்ல யூரியா. நெய்வேலி, மணலி, அப்புறம் தூத்துக்குடின்னு நம்ம மாநிலத்துலயே ஆலைங்க வந்துடுச்சு. அம்மோனியம் சல்பேட்ல நூத்துக்கு இருபது பங்குதான் தழைச்சத்து, யூரியாவுல 46. ஒரு மூட்டை தூக்குற இடத்துல அரை மூட்டை போதும். அப்பாவுக்கு யூரியா ரொம்பப் பிடிக்கும். "விதைச்ச மூணாம் நாள் பதில் சொல்லும்டா"ம்பார். உண்மை. வெளிறின பயிர் மேல வீசினா ஒரு வாரத்துல கரும்பச்சை. டி.ஏ.பி.யோ பொட்டாஷோ அப்படிக் கண்ணுக்குத் தெரியற மாதிரி பேசாது. வேருக்குள்ளயும் மணிக்குள்ளயும் வேலை செய்யும். விவசாயி கண்ணை நம்பறவன். கண்ணுக்குத் தெரிஞ்சதை வாங்கினான்.

இந்தப் பழக்கத்தை அரசாங்கமே கெட்டியாக்கின வருஷம் 1992. அந்த ஆகஸ்ட்ல டி.ஏ.பி., பொட்டாஷ் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க. யூரியாவுக்கு மட்டும் கட்டுப்பாடு அப்படியே, போதாததுக்கு விலையையும் பத்து சதவீதம் குறைச்சாங்க. நான் அப்ப பள்ளிக்கூடத்துப் பையன். அப்பா கடைக்குப் போய் டி.ஏ.பி. விலையைக் கேட்டுட்டு யூரியாவோட மட்டும் திரும்பி வந்தது ஞாபகம் இருக்கு. ஊரே அப்படித்தான் திரும்பி வந்தது. நாடே அப்படித்தான். 1991-92ல தழை, மணி, சாம்பல் சத்துகளை நாம போட்ட விகிதம் 5.9 : 2.4 : 1. ஒரே வருஷத்துல அது 9.5 : 3.2 : 1 ஆச்சு. 4 : 2 : 1தான் சரின்னு பொதுவாச் சொல்லுவாங்க. 2010ல மானிய முறையை மாத்தினப்பவும் யூரியாவைத் தொடலை. இன்னைக்கு 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஒரு மூட்டை டி.ஏ.பி. 1,350. அக்கா மகன் நாங்க 'கொட்டறோம்'னானே, கொட்டச் சொன்னது இந்த விலைதான்.

என் சொந்தக் கதையையும் சொல்லிடறேன். நிலம் என் கைக்கு வந்த முதல் சம்பா. ஆந்திரா பொன்னி போட்டிருந்தேன். பக்கத்து வயலை விட என் வயல் பச்சையா இருக்கணும்னு ஒரு வெறி. ஏக்கருக்கு அஞ்சு மூட்டை யூரியா. கடைக்காரரும் "போடுங்க தம்பி, அறுத்துட்டுக் காசு கொடுங்க"ன்னார். ரோட்டுல போறவங்க நின்னு பார்த்துட்டுப் போனாங்க, அவ்வளவு பச்சை. அந்தப் பச்சையைப் புழுவும் பார்த்துச்சு. முதல்ல இலைச்சுருட்டு, அப்புறம் குலைநோய், கடைசியில தூருல புகையான். மூணு தடவை மருந்தடிச்சேன், அதுவும் அதே கடையில கடன். கார்த்திகை மழையில பாதி சாஞ்சுது. ஏக்கருக்குப் பதினாலு மூட்டை கண்டேன். வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வயல்ல இருபத்தெட்டு. அறுத்த அன்னிக்கு அப்பா ஒண்ணும் சொல்லலை. திட்டியிருந்தாத் தேவலை.

ஒரு ஏக்கர் நெல்லுக்கு 60 கிலோ தழைச்சத்துன்னு சிபாரிசு. அடியுரமா ஒரு மூட்டை டி.ஏ.பி. போட்டா அதுலயே 9 கிலோ வந்துடும். மிச்சத்துக்கு ரெண்டரை மூட்டை யூரியா போதும். அதையும் ஒரே நாள்ல இல்லை, அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போதுன்னு நாலாப் பிரிக்கணும். ஏன்னா நின்ன தண்ணியில வீசின யூரியாவுல பயிர் எடுத்துக்கிறது மூணுல ஒரு பங்கோ கொஞ்சம் கூடவோதான். மிச்சம் காத்துலயும் தண்ணியிலயும் போயிடும். அஞ்சு யூரியாவுக்கு நஞ்சம் நாலு, வேப்பம்புண்ணாக்கு ஒண்ணுன்னு... மன்னிக்கணும், அவசரத்துல கை தவறுது, ஜிப்சம் நாலு, வேப்பம்புண்ணாக்கு ஒண்ணுன்னு கலந்து ஒரு ராத்திரி வெச்சுப் போட்டா மெதுவாக் கரையும். 2015ல இருந்து யூரியா எல்லாமே வேம்பெண்ணெய் பூசித்தான் வருது. யோசனை ஒண்ணுதான்.

இதெல்லாம் அத்தை விஷயத்துல உதவியா இருந்துச்சான்னா, பாதிதான். அத்தைக்கு ரெண்டு ஏக்கர், கோயில் குத்தகை. மாமா போன பிறகு தனியாப் பார்க்கிறாங்க. ஏக்கருக்கு நாலு மூட்டை யூரியா, ரெண்டு மூட்டை டி.ஏ.பி., கடைக்காரர் தலையில கட்டுற ஏதோ ஒரு டானிக் பாட்டில். எல்லாம் கடன். போன சம்பாவுக்கு முன்னால "கடன் ஏறிக்கிட்டே போவுதுப்பா, எதையாவது குறைக்க முடியுமா பாரு"ன்னாங்க. அவங்ககிட்ட மண்வள அட்டை இருந்தது. ஆனா பாசன நிலத்துல அந்த அட்டைக்கு இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு இடத்துலதான் மண் எடுக்கிறாங்க, அதாவது ஆறேகால் ஏக்கருக்கு ஒண்ணு. அத்தை நிலம் ரெண்டு ஏக்கர். அட்டையில இருந்தது யார் வயல் மண்ணோ!

நாங்களே எடுத்தோம். பத்து இடத்துல ஆங்கில வி மாதிரி குழி வெட்டி, அரையடி ஆழம் வரைக்கும் சுரண்டி, நிழல்ல உலர்த்தி, நாலாப் பிரிச்சு எதிர் எதிர் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக்கிலோ ஆக்கி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போனோம். மணிச்சத்து அதிகம்னு வந்தது. வருஷா வருஷம் போட்ட டி.ஏ.பி. அங்கேயே கிடக்கு. துத்தநாகம் குறைவு. டி.ஏ.பி.யை ஏக்கருக்கு அரை மூட்டை ஆக்கினோம். ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட்டை மணல்ல கலந்து நடவுக்கு முன்னால தூவினோம்.

யூரியாவுக்கு மட்டும் அத்தையைச் சம்மதிக்க வைக்க முடியலை. "பயிரு வெளுத்தா என்ன பண்ணுவே?"ன்னு ஒரே கேள்வி. நியாயமான கேள்வி. அப்பத்தான் இலை வண்ண அட்டை கொடுத்தேன். பிளாஸ்டிக் பட்டை, வெளிர் பச்சையில இருந்து கரும்பச்சை வரைக்கும் நம்பர் போட்டிருக்கும். ஜப்பான்ல முதல்ல இருந்ததைப் பார்த்து 1990கள்ல பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்துல செஞ்சது. நட்ட ரெண்டு வாரத்துல ஆரம்பிச்சு வாரம் ஒரு தடவை, காலை வெயில் ஏறுறதுக்குள்ள, உடம்பு நிழல்ல பிடிச்சு, மேலே நல்லா விரிஞ்ச இலையைப் பத்து தூருல பார்க்கணும். பாதிக்கு மேல நாலாம் நம்பருக்குக் கீழே இருந்தாத்தான் யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் மூணு. எழுதப் படிக்கத் தெரியாட்டியும் பச்சையைப் பார்க்கத் தெரியாத விவசாயி உண்டா? அத்தை ரெண்டாம் வாரத்துல இருந்து என்னைக் கூப்பிடறதையே விட்டுட்டாங்க.

ஏக்கருக்கு ரெண்டரை மூட்டையில முடிஞ்சுது. ஒண்ணரை மூட்டை மிச்சம், ரெண்டு ஏக்கருக்கும் சேர்த்து எண்ணூறு ரூபாய்தான். இதை மறைக்கக் கூடாது. யூரியாவைக் குறைச்சா யூரியாவுல பெரிய காசு மிஞ்சாது, அதனாலதான் யாரும் குறைக்கிறதில்லை. காசு மிஞ்சினது டி.ஏ.பி.யிலயும் மருந்துலயும். ஒரே ஒரு தடவைதான் மருந்தடிச்சாங்க. பயிர் சாயலை. இந்தப் பொங்கலுக்கு அப்புறம் அறுத்தப்ப ஏக்கருக்கு இருபத்தொன்பது மூட்டை, அதுக்கு முந்தின வருஷம் இருபத்தஞ்சு. நல்ல வருஷமும் ஒரு காரணமா இருக்கலாம், ஒரு போகத்தை வெச்சு நான் ஜம்பம் அடிக்கலை.

கடைக் கடன் அடைஞ்சுது. ஆனா குறுவைக்கு மறுபடி அதே கடைதான், ஏன்னா சங்கத்துல கடன் கேட்டா அடங்கல் கேட்கிறாங்க, அடங்கல்ல அத்தை பேரு இல்லை. 1969ல மாமா பதியாம விட்டது. திங்கட்கிழமை தாலுகா ஆபீசுக்குப் போறோம். கோயிலுக்குக் குத்தகை அளந்த ரசீது எழுபதுகள்ல இருந்து வெச்சிருக்காங்க. கரையான் அரிச்சதை ஒதுக்கிட்டு, மிச்சத்தை வருஷவாரியா அடுக்கி மஞ்சப்பையில போட்டாச்சு. அக்கா மகன்தான் எல்லாத்தையும் போன்ல படம் எடுத்துக் கொடுத்துட்டுப் போனான்.